தை மாத மேகங்களும் வானிலை அறிவிப்பும்

மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சம்பாப் பயிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் காலம் தை மாதம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மார்கழியோடு ஓய்ந்து விடுகிறபடியால், அதன்பின் குடியானவர்கள் வானத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெய்வது ஆண்டு மழையில் மிகச் சிறு பங்கே என்பது மெய்தான். ஆனால் அச்சிறு பங்கு பெய்யும் வேளை கொடியது. 2021ஆம் வருஷம் ஜனவரியில் பெய்த மழையிலும், 2023ஆம் வருஷம் பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலத்தின் மழையிலும், டெல்டா ஜில்லாக்களில் அறுவடைக்கு நின்ற நெல் பல இடங்களில் சாய்ந்து நீரில் கிடந்தது. சங்கத்தில் பயிர்க்கடன் பெற்ற அங்கத்தினர் அக்கடனைத் தீர்ப்பதற்கு நம்பியிருந்த நெல்லும் அதுவே.

1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறை நாள்தோறும் ஜில்லாவாரியாக அறிவிப்பு வெளியிடுகிறது. அன்றியும், விவசாயிகளுக்கென்றே வாரம் இருமுறை, செவ்வாயன்றும் வெள்ளியன்றும், ஆலோசனைக் குறிப்பு வருகிறது. இவற்றைக் கேட்போர் பலர் சொற்களின் அளவை அறியாமல் ஏமாந்து போகிறார்கள். “லேசானது முதல் மிதமான மழை” என்றால் தூறல் என்று எண்ணுவது வழக்கம். லேசான மழை என்பது 2.5 மில்லிமீட்டர் முதல் 15.5 வரை, மிதமான மழையோ 15.6 முதல் 64.4 வரை. 64.5 மில்லிமீட்டரைத் தொட்ட பின்னரே அதற்குக் கனமழை என்று பெயர். ஏக்கர் ஒன்றில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். அறிவிப்பில் இதுவும் “மிதமானது” தான்! களத்தில் நெல் கொட்டி வைத்திருப்பவனுக்கு அச்சொல்லால் ஆறுதல் கிடையாது. “ஓரிரு இடங்களில்” என்பதற்கும் மழை சிறிது என்று பொருளல்ல. மழை அளக்கும் நிலையங்களில் கால்பங்கு வரையில் மழை பதிவாகலாம் என்பதே பொருள். அந்தக் கால்பங்கில் நம் கிராமமும் ஒன்றாக இருக்கக்கூடும்.

அறிவிப்போடு கூட மேகத்தையும் பார்த்தறிதல் நலம். மேகங்களை வடிவங்கொண்டு வகைப்படுத்திப் பெயரிட்டவர் லூக் ஹோவர்டு என்னும் லண்டன் மருந்து வியாபாரி. 1802இல் அவர் செய்த பிரசங்கமே இன்றுள்ள பாகுபாட்டுக்கு அடிப்படை. நமது காரியத்துக்கு அப்பெயர்கள் யாவும் வேண்டியதில்லை.

காலையில் கிழக்கிலிருந்து வரும் பஞ்சுப் பொதி போன்ற மேகங்கள் அடியில் தட்டையாகவும் மேலே உருண்டும் இருக்கும். அவை சில சமயம் கறுத்து, ஐந்து நிமிஷம் தூறிவிட்டுப் போகும். விடியலில் வயலை மறைக்கும் மூடுபனியும் தரையைத் தொட்ட மேகமே; காற்றடங்கித் தெளிந்த இரவில் உண்டாவதாகையால், வெயில் ஏறியதும் கலைந்துவிடும். இவ்விரண்டுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. பனி ஈரம் உலருமட்டும் அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்காதிருந்தால் போதும்.

அஞ்ச வேண்டியது வெண்மேகத்துக்கே. கறுத்த மேகத்தைக் கண்டு ஓடுகிறவர்கள் இதைக் கண்டு ஓடுவதில்லை. தரைக்கு 6 கிலோமீட்டருக்கும் மேலே, பனித்துகள்களாலாகிய கீற்று மேகங்கள் குதிரைவால் மயிர் போலத் தோன்றும். கீற்று மட்டும் தோன்றி மறைந்தால் குற்றமில்லை. அப்படி மறைவதே அதிகம். அது தென்கிழக்கிலிருந்து பரவி வானம் முழுவதும் மெல்லிய திரையாகி, நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் காணுமாயின் கவனம் வேண்டும். “அகல் வட்டம் பகல் மழை” என்று முதியோர் சொல்வது வீண் பேச்சன்று. கையை நீட்டி விரல்களை விரித்துக் கட்டைவிரலால் நிலவை மறைத்தால், சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அவ்வட்டத்தைத் தொடும். நிலவை ஒட்டினாற்போல் தெரியும் சிறு வட்டம் வேறு. அது மெல்லிய மேகத்திலுள்ள நீர்த்துளிகளால் உண்டாவது. அகல் வட்டத்துக்குப் பின் திரை தடித்து, சூரியன் தேய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கி, பிறகு சாம்பல் நிறத் தாழ்ந்த படலம் மூடினால் மழை சமீபம். வட்டத்தைக் கண்டபின் மழை வரவில்லையென்றால் நஷ்டம் ஒன்றுமில்லை.

காற்றும் துணை சொல்லும். வாடைக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கத்தில் இருக்கும். வடகிழக்குக் காற்றில் அப்பக்கம் தென்கிழக்கு, அதாவது இலங்கையை ஒட்டிய கடல். வாடை நாளுக்கு நாள் வலுத்து, மேலே வெண்திரையும் பரவினால், அறிவிப்பை அன்றைக்கன்று கேட்காமல் இருக்கலாகாது.

இக்குறிகள் கண்டதும் அவசரப்பட்டு அறுப்பதும் எப்போதும் சரியாகாது. நனையாமல் வைக்க இடமின்றி அறுத்துக் கொட்டிய நெல்லைவிட, சாயாமல் நிற்கும் பயிர் சிறு மழையைத் தாங்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் சாதாரணமாக நெல்லை எடுப்பதில்லை. இயந்திரம் அறுத்த நெல்லிலோ ஈரம் அதிகம். ஆகவே கதிர் நன்றாக முற்றி, தார்ப்பாயும் மேட்டுக்களமும் கைவசம் உள்ளவர் முந்தி அறுக்கலாம். மற்றவர்கள் வரப்பை வெட்டி வடிகாலைத் திறந்து விடுவதே மேல். தார்ப்பாய்களைச் சங்கத்தின் பேரில் மொத்தமாக வாங்கி முறைவைத்துக் கொடுப்பதென்றால், அதற்குரிய தீர்மானத்தை மார்கழிக் கூட்டத்திலேயே செய்துகொள்ள வேண்டும். வட்டம் கண்ட இரவில் கூட்டம் கூட்ட நேரமிராது.