செக்ரோலும் சதுர அடைப்புக்குறியும்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்தை நிறுத்ததும் ஆளின் நம்பருக்கு நேரே அன்றைய கிலோ பதிவாகும். தோட்டம் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான். மாதச் சம்பளம் செக்ரோல் எனப்படும் இந்தப் பதிவை வைத்தே போடப்படுகிறது.

பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் கற்பிக்கிறார்கள், கணினி அறிவியலும் கற்பிக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடமாக, செக்ரோலை சீ ஷார்ப் மொழியில் ஒரு கிளாஸாக எழுதிப் பார்ப்போம்.

கிலோக்கள் அடங்கிய அரேயை வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி உள்ளே மூடி வைக்கிறோம். அதை எட்டுவதற்குத் தரும் வாசல்தான் இன்டெக்சர். செக்ரோல்[214] = 18 என்று எழுதினால் 214ஆம் நம்பருக்குப் பதினெட்டு கிலோ பதிவாகிவிடும். செக்ரோல்[214] என்று மட்டும் எழுதினால் அது திரும்பக் கிடைக்கும். ஜாவாவில் இந்த வசதி இல்லை, மெதட்களைத்தான் கூப்பிட வேண்டும். சீ ஷார்ப்பில் 2002இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது.

இதை எழுதும் முறை எளிது. பெயருக்குப் பதிலாக 'திஸ்' என்று போட்டு, சதுர அடைப்புக்குறிக்குள் சாவியின், இங்கே ஆள் நம்பரின், வகையையும் பெயரையும் சொல்ல வேண்டும். உள்ளே 'கெட்', 'செட்' என்று இரு பகுதிகள். படிக்கும்போது கெட் ஓடும். பதியும்போது செட் ஓடும். நாம் கொடுத்த 18 'வேல்யூ' என்ற பெயரில் அதற்குள் வந்து சேரும். சாவி எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆளின் பெயராக இருக்கலாம், நம்பரும் தேதியும் சேர்ந்தும் வரலாம்.

செட்தான் காவல். தோட்டத்தில் இல்லாத நம்பரையும் பூஜ்யத்துக்குக் கீழான கிலோவையும் அது அங்கேயே மறுத்துவிடலாம்.

ஆனால் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பது கொழுந்து பறிக்கும் பெண்களின் நெடுநாள் குறை. அந்தக் கழிவையும் செட்டுக்குள் எழுதிவிட மொழி தடை சொல்லாது. எழுதவே கூடாது என்பேன். செட் இரண்டு கிலோவைக் கழித்தால், பதினெட்டைப் பதிந்துவிட்டு அடுத்த வரியில் படிக்கும்போது பதினாறு வரும். அந்த இரண்டு கிலோவில் ஒரு முழுப்பேர் அரைப்பேராகிவிடலாம். சதுர அடைப்புக்குறியைக் காண்பவர் போட்டதே திரும்ப வரும் என்று நம்பித்தான் நிரலைப் படிக்கிறார். ஆகவே நிறுத்த கிலோ நிறுத்தபடியே இருக்கட்டும். கழிவுக்குத் தனி மெதட் எழுதி 'சாக்குக்கழிவு' என்றே பெயர் வைக்கலாம். சீ ஷார்ப் தமிழெழுத்துப் பெயர்களை ஏற்கும். சம்பளச் சிட்டையிலும் அதைத் தனி வரியாக அச்சிடலாம்.