ரேடியேட்டருக்குள் படியும் உப்பு

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடுவது பலருடைய வழக்கம். வினை அங்கேதான் தொடங்குகிறது. அந்த நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல மெல்லிய குழாய்களில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். சூடு வெளியேற வழியின்றி இன்ஜின் கொதிக்கும்.

ரேடியேட்டரிலுள்ள குளிர்விப்புத் திரவமான கூலன்ட் துருவின் செந்நிறத்தில் இருக்கிறதா? உள்ளே அரிப்பு வந்தாயிற்று.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டுத் தெளிவாக வரும்வரை அலசி, வண்டியின் கையேடு சொல்லும் கூலன்டை நிரப்பலாம். கூலன்டில் சேரும் எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி சேர்ந்த கலவை சுமார் 107 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது.

வடித்த கூலன்டைத் தெருவில் கொட்டவே கூடாது. அதன் இனிப்புக்கு நாய்கள் நக்கிவிடும்; சிறிதளவே உயிரைப் பறிக்கும்.