மணல் சட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் கேக்



டிசம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரி நகரத்து பேக்கரிகளின் வாசனை வீதிவரை வரும். ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்ந்த விவிகம் கேக் இந்த ஊருக்கே உரியது. ஆனால் நகரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், கனகசெட்டிக்குளத்தில் மருத்துவமனைக் கட்டிலில் பண்டிகையைக் கழிக்கும் பிள்ளைக்கு அந்த வாசனை எட்டாது. பெரியவர்கள் பெட்டி பெட்டியாகக் கேக் கொண்டுவருகிறார்கள், நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். என்றாலும் ஐந்து நிமிடத்தில் தின்று தீர்கிற துண்டைவிட, பிள்ளைகளே கூடிச் செய்த கோணல் கேக் ஒன்று அவர்களுக்கு அரை நாளாவது நோயை மறக்கடிக்கிறது. "எங்களிடம் ஓவன் இல்லையே, ஐயா" என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓவன் வேண்டியதில்லை.

இருப்பதைக் கொண்டு சமாளிப்பது கிறிஸ்துமஸ் கேக்குக்குப் புதிதல்ல. நம் நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பலரும் சொல்வது 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் சுடப்பட்டது. பர்மாவிலிருந்து திரும்பிய மம்பள்ளி பாபு அங்கே 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கியிருந்தார். அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்துத் துரை மர்டாக் பிரவுன், இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கை அவருக்குச் சுவைக்கக் கொடுத்து, அதைப்போல் ஒன்று செய்து தரும்படி கேட்டாராம். பிராந்தியை மாஹேயில் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். (மாஹே அன்று பிரெஞ்சுக்காரர் ஊர், இன்றும் அது நம் புதுச்சேரியோடு சேர்ந்ததுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) பாபுவோ முந்திரிப் பழமும் கதலிப் பழமும் சேர்ந்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார். அச்சைக் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினார். தின்று பார்த்த துரை இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை. உள்ளூர்ச் சரக்கை நான் சிபாரிசு செய்கிறேன் என்று யாரும் கமிட்டிக்கு எழுதிவிட வேண்டாம். உலர்ந்த திராட்சையை ஆரஞ்சுச் சாற்றிலோ, பாலில்லாத தேநீரிலோ முதல் நாள் இரவே ஊறப்போட்டால் போதும்.

இனி அடுப்பு. அடி கனத்த பழைய பாத்திரம் ஒன்றில் இரண்டு விரற்கடை உயரம் மணல் பரப்பி, நடுவில் ஒரு சிறு முக்காலியை வைத்து, இறுக்கமாக மூடி, மிதமான தீயில் பதினைந்து நிமிடம் காயவிட வேண்டும். பிறகு மாவு ஊற்றிய தகரத்தைப் பக்கங்களில் படாமல் உள்ளே இறக்கவேண்டும். வெறும் பாத்திரத்தில் வைத்தால் அடி கருகும், மேலே வேகாது. மணலோ சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மெள்ள மெள்ள, எல்லாப் பக்கமும் ஒரே சீராக விடும். எங்கள் பாட்டிமார் மூடியின்மேல் தணலையும் அள்ளிப் போடுவார்கள். மேல்புறம் சிவக்க அதுதான் வழி. நமக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுப்பில் ஏற்றவேண்டும். மணல் கிடைக்காதவர்கள் கல் உப்பைப் பரப்பலாம்.

ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. முட்டை வேண்டாம். தயிரின் புளிப்பு சோடாவோடு சேரும்போது கரியமில வாயு பொங்கும். அந்தக் குமிழிகள்தாம் கேக்கைத் தூக்குகின்றன. ஆகவே கலந்த மாவைக் காத்திருக்க விடாமல் உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். திராட்சை, பேரீச்சைத் துண்டுகளை வடித்து, மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது. தீயைக் குறைத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். முதல் அரை மணி நேரத்துக்கு மூடியைத் திறக்கவே கூடாது. முதன்முறை நாங்கள் செய்தபோது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையாகத் திறந்து பார்த்தார்கள், நானும்தான் பார்த்தேன். நடுவில் குழிந்துபோய், உள்ளே கூழாகவே இருந்தது.

பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதில்தான் பெரியவர்களின் திறமை இருக்கிறது. சலிப்பது, அளப்பது, பழம் பிசைவது, தகரத்துக்கு எண்ணெய் தடவுவது எல்லாம் அவர்களுடையது. நெருப்புப் பக்கம் மட்டும் அவர்கள் வரக்கூடாது. எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பச்சை மாவை நக்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும், வேகாத மைதாவிலேயே நோய்க்கிருமி இருக்கலாம். புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு முழு முந்திரி தொண்டையில் அடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு வாழைப்பழமும் பேரீச்சையும், ஏன் சமையல் சோடாவும்கூட ஆகாமல் போகலாம். சிஸ்டரிடம் பெயர்ப் பட்டியலைக் காட்டி, யாருக்கு எது ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே அடுப்பை மூட்டுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி கதவோரமாகவே நின்றாள். "எனக்குச் சர்க்கரை இருக்குது ஐயா, நான் வரலை" என்றாள். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குக் கேக்கே கூடாது என்பது பழைய எண்ணம். மாவுச்சத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற இன்சுலினை மருத்துவர் சொன்னால் ஒரு சிறு துண்டு சாப்பிடலாம். அதை அவளுடைய டாக்டரே வந்து சொன்னார். அப்படியும் அவள் நம்பவில்லை. சரி, தின்னாவிட்டால் போகட்டும், இந்தக் கேக்குக்கு நீதான் பொறுப்பு என்று சொல்லி என் கைக்கடிகாரத்தையும் ஒரு ஈர்க்குச்சியையும் கொடுத்தேன். நடுவில் குத்தி எடுத்தால் குச்சியில் மாவு ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அவள் சொல்லாமல் மூடியைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை.

ஐம்பதாவது நிமிடம் சமையற்காரர் மூடியைத் தூக்கித் தகரத்தை வெளியே எடுத்துக் கொடுத்தார். அவள் குத்திப் பார்த்தாள். குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒட்டுது. இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள். தட்டோடு நின்ற பதினோரு பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் மறுபடி உட்கார்ந்தார்கள்.