தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் கலியாண மகாலின் உயரத்தை வியந்து திரும்புகின்றனர். அதன் மேல் மாடிகளுக்குக் கோட்டைக்கு வெளியேயிருந்து சுட்ட மண்குழாய்களின் வழியே நீர் ஏறியதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. புதைந்த குழாயைப் பின்னர்த் திருத்துவது அரிது. புதைக்கும் முன்னரே அது பழுதற்றிருத்தல் வேண்டும். இன்று தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிப்போருக்கும் இதுவே முதற் பாடம்.

தரையைச் சூடாக்குவது புதிய வழக்கமன்று. பண்டை ரோமானியரும் கொரியரும் தரையின் கீழே வெற்றிடம் விட்டு, அடுப்பின் அனலை அதனுள் செலுத்தினர். நம் நாட்டிலேயே, சால்வை நெசவுக்குப் பேர்போன காஷ்மீரத்தில், ஹம்மாம் என்னும் அறைகளின் கற்பலகைத் தரைக்கு அடியில் விறகு எரிக்கின்றனர். அனலுக்குப் பதிலாக வெந்நீரை ஓடவிடுவதே இக்கால முறை.

முதலில் தரைமீது வெப்பம் கீழிறங்காதபடி தடுப்புப் பலகை பரப்புவர். அதன்மேல் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்துக் காங்கிரீட்டு இடுவர். காங்கிரீட்டுக்குள் இணைப்பு எதுவும் வரலாகாது. ஒவ்வொரு சுற்றும் ஒரே குழாயாக இருத்தல் நலம். மூடுமுன் குழாயில் நீரை அழுத்தி நிரப்பிக் கசிவு உண்டா எனச் சோதித்து, காங்கிரீட்டு இடும்போதும் அவ்வழுத்தத்தைக் குறையவிடாது காத்தல் வேண்டும். சிமிண்டுத் தளம் இறுக 21 நாட்களேனும் விட்ட பின்னரே வெந்நீர் விடலாம். நீர் 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை இருந்தாற் போதும். மனிதர் நடமாடும் இடத்தில் தரையின் சூடு 29 டிகிரியைத் தாண்டலாகாது.

இதனால் நமக்கு என்ன பயன்? செஞ்சிச் சீமையின் வீடுகளுக்கு இது வேண்டுவதில்லை. ஆனால் மல்பெரி பயிரிடுவோர் ஒன்றைக் கருத வேண்டும். இளம் பட்டுப்புழுவுக்கு 27, 28 டிகிரி உஷ்ணம் தேவை. ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில் மார்கழி இரவுகள் அதற்கு வெகுவாகக் கீழிறங்கும். அப்போது கரியடுப்பு மூட்டினால் அதன் புகையும் நச்சுக் காற்றும் புழுவை நலியச் செய்யும். இளமையில் நலிந்த புழு நல்ல கூடு கட்டுவதில்லை. நல்ல கூடின்றி நெசவாளருக்கு நல்ல இழையும் இல்லை. வெந்நீர்த் தரையோ புகையின்றி, அறை முழுதும் ஒரே சீராக வெப்பம் தரும். காற்று உலர்ந்துவிடாதபடி ஈரப்பதத்தைக் காப்பது மட்டும் நம் பொறுப்பு.

செலவு பெரிதாகையால் தனி ஒருவர் இதில் இறங்குதல் தகாது. வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியே போதுமாதலால் வீடுதோறும் இவ்வமைப்பு அவசியமுமன்று. இரண்டாம் தோலுரிப்பு வரை பலருடைய புழுக்களையும் ஒருங்கே வளர்த்துத் தரும் பொது இளம்புழு மனையே இதற்கு உரிய இடம். அங்கத்தினர் கூடிக் கட்டும் அத்தகைய மனைக்குத் தரை போடும் நாளில், குழாயைச் சோதித்துப் பார்த்தோமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்போமாக. தளத்தை உடைத்துப் பார்க்கும் செலவு பின்னர் நம் எல்லோர் தலையிலும் விழும்.