மண்ணுக்குள் உறங்கும் உலோகங்கள்

வாழைத்தோலை மண்ணில் போட்டால் சில வாரங்களில் உக்கிவிடும். கட்மியமும் ஈயமும் உக்குவதில்லை. அவை மூலகங்கள்; எந்த நுண்ணங்கியாலும் அவற்றைச் சிதைக்க முடியாது. ஆனாலும் அவை எந்நேரமும் ஒரே அளவுக்கு ஆபத்தானவை அல்ல. மண்ணின் ஈரலிப்பும் காலமும் அவற்றின் நிலையை மாற்றுகின்றன.

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் நடந்ததைப் பார்ப்போம். கமியோகா சுரங்கத்தில் நாகமும் ஈயமும் எடுத்தார்கள். கழிவிலிருந்த கட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயல்களில் படிந்தது. அவ்வயல்களின் சோற்றை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. எலும்புகள் மெலிந்து சிறு அசைவிலும் முறிந்தன. நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் பல பிள்ளைகளைப் பெற்று, நடுவயதைக் கடந்த பெண்கள். அவர்களின் அலறலே நோயின் பெயராயிற்று. ‘இதாய் இதாய்’ என்றால் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். 1968இல்தான் ஜப்பானிய அரசு இதைச் சூழல் மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது.

வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் ஒட்சிசன் குறைகிறது. அப்போது சில பற்றீரியாக்கள் சல்பேற்றைச் சல்பைட்டாகத் தாழ்த்துகின்றன. கட்மியம் அதனுடன் சேர்ந்து நீரில் கரையாத கட்மியம் சல்பைட்டாகிறது. வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. அறுவடைக்காக நீரை வடித்து வயலைக் காயவிட்டால், வெடிப்புகளினூடே காற்று நுழைகிறது. சல்பைட்டு ஒட்சியேற, கட்மியம் மீண்டும் அயனாகி மண்நீரில் கரைகிறது. நெல்மணி முற்றும் வேளையும் அதுதான்! ஆகவே, மாசடைந்த வயல்களில் கதிர் வெளிவரும் காலத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் நீரை வற்றவிடாமல் வைத்திருப்பது ஜப்பானில் ஒரு வழக்கமான தடுப்புமுறை.

அப்படியென்றால் எப்போதும் நீரை நிறுத்திவைத்தால் போதுமே என்று தோன்றும். ஆசனிக்கு அதற்கு இடம் தராது. அது இரும்பு ஒட்சைட்டுகளில் ஒட்டிக்கொண்டிருப்பது. நீர் தேங்கினால் அந்த ஒட்சைட்டுகள் தாழ்த்தப்பட்டுக் கரைய, ஆசனிக்கு விடுபட்டு நெல்லுக்குள் போகிறது. கட்மியத்தை உறங்கவைக்கும் அதே நீர் ஆசனிக்கை எழுப்பிவிடுகிறது.

காலத்தின் வேலை மெதுவானது. புதிதாக மண்ணில் சேர்ந்த உலோக அயன்கள் களித்துணிக்கைகளிலும் சேதனப் பொருட்களிலும் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும். மாதங்களும் வருடங்களும் செல்ல, அவை கனியங்களின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகுகின்றன. தாவரத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. மொத்த அளவு மட்டும் குறைவதேயில்லை. மண் அமிலத்தன்மை அடைந்தால் இறுகியதில் ஒரு பகுதி மறுபடி கரையலாம்.

நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் மண்ணின் மேற்படையிலேயே பல தசாப்தங்கள் தங்கும் இயல்புடையது. பழைய வீதியோர மண்ணில் விளையாடிய தம்பி, தங்கையின் கையைக் கழுவிவிடச் சொல்வது இதனால்தான். வேருக்கு எட்டாத ஈயத்தையும் நம் இரைப்பையின் அமிலம் கரைத்துவிடும்.

ஜின்சு ஆற்றுச் சமவெளியில் காலம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவில்லை. மாசடைந்த வயல்களுக்குப் புது மேல்மண் இட்டார்கள். அந்த வேலை 2012இல்தான் நிறைவுபெற்றது.