இலண்டன் வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்த்தல்: சட்டம் சொல்வது யாது?

கோழி கூவப் பொழுது புலரும் ஊர்களிற் பிறந்தவர்கள் எம்முட் பலர். வீட்டுக் கோடியில் ஒரு கோழிக்கூடு, முற்றத்திற் கரப்பின் கீழே குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழி, வேலியோரத்தைக் கிளறித் திரியும் இரண்டொரு பேடுகள் என்பன எமது வீடுகளின் இயல்பான காட்சிகளாக இருந்தன. கோழி வளர்ப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே எமக்கு எழுந்ததில்லை. வேலி தாண்டிப் போன கோழி மாலையிற் தானே கூடு திரும்பும். அயல் வளவில் முட்டையிட்டால் அதுபற்றி எழும் சிறு பிணக்கும் மறுநாள் மறைந்துவிடும்.

இன்று நாம் வாழ்வது ஹரோவிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகளில். பின்புறத்தே சிறியதொரு தோட்டம் இருக்கின்றது. அதில் கத்தரியும் மிளகாயும் நட்டு மகிழும் எமது மூத்தோருக்கு, நான்கு கோழிகளும் இருந்தால் நல்லது என்ற ஆசை எழுவது இயல்பே. அவ்வேளையில் இரண்டு விதமான விடைகளை நாம் கேட்கின்றோம். “இந்த நாட்டில் வீட்டிற் கோழி வளர்க்கவே கூடாது” என்பது ஒன்று. “என் காணி, என் விருப்பம்” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறானவை. உண்மை நிலையை மாணவர்களும் பெற்றோரும் அறிந்துகொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

எமக்குத் தெரிந்த குடும்பமொன்று வடஇலண்டனில் வசிக்கின்றது. அவ்வீட்டு அம்மம்மா ஐந்து குஞ்சுகளை அன்போடு வளர்த்தார். அவற்றுள் ஒன்று சேவலாயிற்று. அடுத்த வீட்டுக்காரர் இரவுப் பணி முடித்து விடியற்காலையில் உறங்கச் செல்பவர். அவர் இருமுறை வேலியோரம் வந்து ஏதோ சொன்னார். ஆங்கிலம் அறியாத அம்மம்மா, அவர் கோழிகளைப் புகழ்கின்றார் என எண்ணிப் புன்னகைத்து, ஒவ்வொரு முறையும் முட்டைகளைக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் முறை அவர் வரவில்லை. கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கடிதம் இரண்டு வாரங்கள் பிரிக்கப்படாமல் மேசை இழுப்பறையிற் கிடந்தது. பத்து வயதுப் பேத்தி ஒரு நாள் அதனை எடுத்து வாசித்த பின்னரே வீட்டார்க்கு விடயம் விளங்கிற்று.

அக்குடும்பம் செய்த பிழை கோழி வளர்த்தது அன்று. எந்தக் கோழியை, எவ்வாறு வளர்க்கலாம் என்பதை அறியாமல் இருந்ததே பிழை.

உரிமை எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் உணவு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை என்ற நிலை அன்று இருந்தது. கோழி வளர்த்த குடும்பத்தினர் தமது முட்டைப் பங்கினை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கோழித்தீனியைப் பெற்றுக்கொண்டனர். நகரத்து வீட்டுத் தோட்டங்களிற் கோழிக்கூடுகள் பெருகின. முட்டைப் பங்கீடு முற்றாக முடிவுற்றது 1953ஆம் ஆண்டிலேயே.

இப்பின்னணியில் 1950ஆம் ஆண்டு பாராளுமன்றம் ‘அலொட்மென்ற்’ சட்டத்தை இயற்றிற்று. அலொட்மென்ற் என்பது பொதுமக்கள் பயிர் செய்வதற்காகச் சிறு வாடகைக்கு வழங்கப்படும் நிலத்துண்டு. எனினும் இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு அத்தகைய நிலத்துக்கு மட்டும் உரியதன்று. எந்த நிலத்திற் குடியிருப்பவரும், வியாபார நோக்கமின்றி, அந்நிலத்திற் பேட்டுக்கோழிகளையோ முயல்களையோ வளர்க்கலாம் என்றும், அதற்கு நியாயமான அளவில் வேண்டிய கூடுகளை அமைக்கலாம் என்றும் அது கூறுகின்றது. காணி உறுதியிலோ, குத்தகை அல்லது வாடகை ஒப்பந்தத்திலோ “கோழி வளர்க்கலாகாது” என எழுதப்பட்டிருப்பினும், அந்த வாசகம் இவ்வுரிமையைத் தடுக்காது.

ஆனால் அதே பிரிவு ஒரு நிபந்தனையையும் விதிக்கின்றது. உடல்நலத்துக்குக் கேடாகவோ அயலவர்க்குத் தொல்லையாகவோ அமையும் இடத்திலும் முறையிலும் கோழி வளர்ப்பதற்கு இச்சட்டம் இடமளிக்காது. ஏனைய சட்டங்களையும் அது தளர்த்தாது.

இங்கு மூன்று நுட்பங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, சட்டம் பேட்டுக்கோழியையே குறிப்பிடுகின்றது. சேவல், தாரா, வாத்து, வான்கோழி ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றை உறுதியோ ஒப்பந்தமோ தடை செய்திருப்பின் அத்தடை செல்லும். இரண்டாவது, வியாபாரமாகச் செய்வோர்க்கு இவ்வுரிமை இல்லை. மூன்றாவது, உரிமை நாம் குடியிருக்கும் நிலத்துக்கே உரியது. மாடிக் குடியிருப்பிற் பலரும் பயன்படுத்தும் பொதுத் தோட்டத்தை எமது நிலமென்று கொள்ள முடியாது. வாடகை வீட்டில் இருப்போர், சட்டம் துணைநின்றாலும், வீட்டு உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பது பின்னர் எழக்கூடிய பிணக்கைத் தவிர்க்கும்.

சேவற்கொடியும் அயலவர் உறக்கமும்

முருகப்பெருமானின் கொடியில் நிற்பது சேவல். எம்மவர்க்கு அதன் குரல் மங்கலமானது. எனினும் இலண்டனில் அதன் குரலுக்கு வேறொரு கணக்கு உண்டு.

சேவல் வெளிச்சத்தைக் கண்ட பின்னரே கூவுகின்றது எனப் பலர் எண்ணுவர். ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அதன் உடலினுள் இயங்கும் ஒரு கடிகாரமே அதனைக் கூவச் செய்கின்றது என்றும், வெளிச்சம் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே அது கூவத் தொடங்குகின்றது என்றும் காட்டிற்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதிக்கின்றது. ஆகவே அங்கு சேவல் கூவுவது உழவரும் மீனவரும் எழும் வேளையில். இலண்டனில் ஆனி மாதத்திற் சூரியன் அதிகாலை 4.43 மணியளவில் உதிக்கின்றது. இங்கு சேவல் எப்போது கூவத் தொடங்கும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்!

மாணவர்கள் அறியவேண்டிய மற்றோர் உண்மையும் உண்டு. முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டை வேண்டுமாயின் மட்டுமே சேவல் வேண்டும். வீட்டுத் தேவைக்கு முட்டை வேண்டுவோர் பேடுகளை மட்டும் வளர்த்தால், தொல்லையின் பெரும்பகுதி தானே நீங்கிவிடும்.

பிரான்சு நாட்டில், ஒலெரோன் தீவிலுள்ள மோறிஸ் என்னும் சேவல் கூவுவதை எதிர்த்து அயலவர் வழக்குத் தொடர்ந்தனர். 2019ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. 2021இற் கிராமங்களுக்கே உரிய ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டமொன்றும் அந்நாட்டில் இயற்றப்பட்டது. ஆனால் அது பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் கதை. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றாடற் பாதுகாப்புச் சட்டப்படி, ஒலியோ நாற்றமோ விலங்கு வளர்க்கும் முறையோ தொல்லையாக உள்ளதென உள்ளூராட்சி மன்றம் முடிவு செய்தால், அதனை நிறுத்துமாறு கட்டளையிடும் அறிவித்தலை வழங்கவேண்டும். அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றி அறிவித்தலை மீறுதல் குற்றமாகும். மேலே நாம் கூறிய குடும்பத்துக்கு வந்தது இத்தகைய அறிவித்தலன்று, அதற்கு முந்திய எச்சரிக்கைக் கடிதமே. அது அறிவித்தலாக இருந்திருப்பின், இழுப்பறையிற் கிடந்த இரண்டு வாரங்கள் எத்துணை பெறுமதியானவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

கூடு அமைத்தல்

தனி வீடாயின், குடும்பத் தேவைக்குக் கோழி வளர்ப்பதற்கான கூட்டினைப் பின்தோட்டத்தில் அமைக்கப் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அது வீட்டின் முகப்புக்கு முன்னால் அமையலாகாது. எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் அமைந்தால் அதன் உயரம் 2.5 மீற்றரை விஞ்சலாகாது. மாடிக் குடியிருப்புகளுக்கும், வரலாற்றுச் சிறப்பினாற் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கும் இச்சலுகை பொருந்தாது.

கூட்டினை அயல் வீட்டின் யன்னலுக்கு அருகே வைக்காதிருத்தல் நன்று. எச்சத்தை அடிக்கடி அகற்றாவிடில் நாற்றமும் இலையான்களும் பெருகும். சிந்திய தீனி எலிகளை அழைக்கும். ஆகவே தீனியை மூடியுள்ள தகரப்பெட்டியில் வைத்து, மாலையில் மிச்சத்தை அகற்றிவிடுதல் வேண்டும். இலண்டன் நரிகள் எமது ஊர் மரநாய்களுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. மெல்லிய கோழிவலையை அவை கிழித்துவிடும். தடித்த கம்பிவலையே வேண்டும். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு ஏற்ற இருப்பிடம், உணவு, இயல்பாக நடமாடும் வசதி, தன்னினத்தோடு வாழும் நிலை, நோவிலும் நோயிலும் இருந்து பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் வளர்ப்பவரின் கடமையாக்கியுள்ளது.

ஒரு கோழியாயினும் பதிவு வேண்டும்

முன்னர் ஐம்பதும் அதற்கு மேலும் பறவைகள் வளர்ப்போரே கட்டாயம் பதிவு செய்யவேண்டியிருந்தது. பறவைக் காய்ச்சல் பரவியதன் பின்னர் அந்நிலை மாறிற்று. 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 1ஆம் திகதி முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரேயொரு கோழியை வளர்ப்பவரும் அரசாங்கத்தின் விலங்கு, தாவர நல முகமையிற் பதிவு செய்தல் வேண்டும். வளர்க்கத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இதனைச் செய்யவேண்டும். வீட்டினுள்ளேயே எப்போதும் வாழும் கூண்டுக் கிளிகள் போன்றவற்றுக்கு இது தேவையில்லை.

நோய் பரவும் காலங்களிற் பறவைகளைக் கூரையின் கீழே அடைத்து வைக்குமாறு அரசு கட்டளையிடுவதுண்டு. 2022 கார்த்திகை 7 முதல் 2023 சித்திரை 18 வரை இங்கிலாந்து முழுவதும் அவ்வாறான கட்டளை நடைமுறையில் இருந்தது. பதிவு செய்தவர்களுக்கே இத்தகைய செய்திகளை முகமை நேரடியாக அறிவிக்க முடியும்.

மிச்சச் சோறு போடலாமா?

எம்மவர் அறியாமலே மீறக்கூடிய விதி இதுவே. ஊரில் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் கோழிக்கே உரியவை. அன்னத்தை வீணாக்கலாகாது என்பது எமது பண்பு. ஆனால் இந்நாட்டில், வீட்டுச் சமையலறையைக் கடந்து வந்த உணவினைக் கோழிக்குக் கொடுத்தல் சட்டவிரோதமாகும். செல்லமாக வளர்க்கும் கோழிக்கும் இவ்விதி பொருந்தும். இறைச்சி, மீன் மட்டுமன்றிப் பால், முட்டை முதலியனவும் நுழையாத சமையலறைக்கே விலக்கு உண்டு. ஆகவே மரக்கறி உண்ணும் வீடுகளும், பாலும் தயிரும் பயன்படுத்தினால், இத்தடைக்கு உட்பட்டவையே. தோட்டத்திலிருந்து நேரே பறித்த கீரையைக் கொடுக்கலாம். அதே கீரை சமையலறைக்குச் சென்று திரும்பினாற் கொடுக்கலாகாது.

இது மிகையான கண்டிப்பெனத் தோன்றலாம். 2001ஆம் ஆண்டு பிரித்தானியாவிற் பரவிய கோமாரி நோய், நோர்தம்பலாண்டிலுள்ள ஒரு பன்றிப்பண்ணையில், முறையாகச் சூடாக்கப்படாத கழிவுணவைத் தீனியாகக் கொடுத்ததிலிருந்து தொடங்கியதாக விசாரணைகள் கண்டன. அதனை அடக்குவதற்கு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஒரு பாத்திரத்து மிச்சம் ஒரு நாட்டின் கால்நடைச் செல்வத்தை அழிக்கக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்தே இவ்விதியை இறுக்கமாகப் பேணுகின்றனர்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

முன்னர் கூறிய குடும்பத்தில் இறுதியாக நிகழ்ந்தது இதுதான். பேத்தி கடிதத்தை வாசித்து, அதன் பொருளை அம்மம்மாவுக்குத் தமிழில் விளக்கினாள். பெற்றோர் அயலவரிடம் சென்று வருத்தம் தெரிவித்தனர். சேவல் கென்ற் பகுதியிலுள்ள பண்ணையொன்றுக்குச் சென்றது. பேடுகள் நான்கும் பதிவு செய்யப்பட்டன. மிச்சச் சோறு போடக்கூடாது என்பதை ஏற்கவே அம்மம்மாவுக்குப் பல நாட்கள் சென்றன. பேத்தி பொறுமையோடு மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்னாள். இன்றும் அயலவர்க்கு முட்டை போகின்றது. இப்போது அவர் உண்மையாகவே கோழிகளைப் புகழ்கின்றார்.

அந்தச் சிறுமிக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்திருப்பின் கடிதத்தை வாசித்திருப்பாள். ஆனால் அம்மம்மாவின் மனங்கொள்ள எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாள். சட்டம் ஆங்கிலத்தில் இருக்கின்றது. அதனைக் கடைப்பிடிக்க வேண்டிய எமது மூத்தோர் தமிழில் இருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவர்கள் மாணவர்களாகிய நீங்களே. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து வாசியுங்கள். வாசித்ததைத் தாத்தா பாட்டிமாருக்கு அவர்கள் மொழியில், மரியாதையோடு சொல்லுங்கள். வார இறுதிதோறும் நீங்கள் கற்கும் தமிழுக்கு இதனினும் சிறந்த பயன் வேறொன்று உண்டோ?