வைஃபை இருக்கிறது, இணையம் இருக்கிறதா?

மாமல்லபுரம் களப்பயணத்துக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் நானும் எம்ஐடி ஆப் இன்வென்டரில் ஒரு சிறு செயலி செய்தோம். ஒவ்வொரு குழுவும் தான் பார்த்ததைக் குறிப்பாக எழுதி அனுப்பினால், அது எங்கள் இணையப் பட்டியலில் சேர வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு மதியம் உணவகத்தில் அமர்ந்தோம். அங்கே வைஃபை கிடைத்தது. உடன் வந்த ஆசிரியர்களின் செல்பேசிகளிலிருந்து குழுக்கள் குறிப்புகளை அனுப்பின. "பதிவாகிவிட்டது" என்றது செயலி. மறுநாள் பட்டியலைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. அனுப்பியதும் குறிப்பைச் செல்பேசியிலிருந்து அழித்துவிடும்படி நாங்களே அமைத்திருந்தோம். நகுல சகாதேவ ரதத்தின் பின்புற வளைவை, பக்கத்தில் நிற்கும் கல் யானையின் முதுகோடு ஒப்பிட்டு ஒரு மாணவி அழகாக எழுதியிருந்தாள். மறுபடி எழுதச் சொன்னபோது நான்கு வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அந்த வைஃபையில் செல்பேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபி பெற்று உள்ளே நுழைய வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. ரயில் நிலையங்களில் ரயில்டெல் தரும் ரயில்வயர் வைஃபையும் இப்படித்தான் கேட்கும். பொது வைஃபை தருபவர், பயன்படுத்துபவரின் அடையாளத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. (அந்தப் பக்கம் எண்ணும் ஓடிபியும்தான் கேட்கும். மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ கேட்டால் உடனே வெளியேறிவிடுங்கள்.)

ஓடிபி கொடுக்கும்வரை, நாம் எந்த முகவரியைக் கேட்டாலும் இடையிலுள்ள கருவி தன் உள்நுழைவுப் பக்கத்தையே திருப்பி அனுப்பும். வகுப்பில் இதை இப்படிச் சொன்னேன்: தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறோம். வாசல் காவலர், "முதலில் பதிவேட்டில் கையெழுத்துப் போடு" என்கிறார். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, கடிதம் தலைமையாசிரியரிடம் சேர்ந்துவிட்டது என்று நம்பினால் எப்படி? உலாவியில் அந்தப் பக்கம் நம் கண்ணில் படும். செயலிக்குக் கண் இல்லை. வெற்றியைக் குறிக்கும் 200 என்ற எண் வந்ததா என்று மட்டுமே எங்கள் செயலி பார்த்தது. உள்நுழைவுப் பக்கமும் 200 என்ற எண்ணோடுதான் வந்தது.

நம் செல்பேசிகள் இதை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுத்தான். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு, கூகுளின் ஒரு முகவரியைத் தட்டுகிறது. உள்ளடக்கம் ஏதுமின்றி 204 என்ற எண் மட்டும் திரும்ப வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் இடையில் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். "உள்நுழையவும்" என்ற அறிவிப்பு வருகிறது. ஆப்பிள் கருவிகள் "சக்ஸஸ்" என்ற சொல்லை எதிர்பார்க்கின்றன. எங்கள் செல்பேசிகளிலும் அறிவிப்பு வந்திருக்கும். பசி நேரத்தில் யார் பார்த்தார்கள்?

எங்கள் முகவரி எச்டிடிபி என்று தொடங்கியதும் ஒரு பிழை. எச்டிடிபிஎஸ் என்றிருந்தால், இடையிலிருப்பவரால் எங்கள் சர்வரின் சான்றிதழைக் காட்ட முடியாது. இணைப்பு முறிந்து செயலி பிழை காட்டியிருக்கும். அப்போது நாங்கள் சர்வரைத் திட்டியிருப்போம் என்பது வேறு விஷயம். ஆனால் குறிப்புகள் பிழைத்திருக்கும்.

திருத்தம் எளிது. முகவரியை எச்டிடிபிஎஸ் ஆக்கினோம். குறிப்பு சேர்ந்ததும் அதன் வரிசை எண்ணுடன் "செங்கை" என்ற சொல்லையும் அனுப்பும்படி சர்வரில் எழுதினோம். செயலி 200 என்ற எண்ணோடு அந்தச் சொல்லையும் சரிபார்க்கும். இரண்டும் இருந்தால்தான் "பதிவாகிவிட்டது". இல்லையென்றால் குறிப்பு டைனிடிபியில், அதாவது செல்பேசியின் நினைவகத்திலேயே, காத்திருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை சோதித்தால் போதாதா என்று ஒரு மாணவன் கேட்டான். போதாது. ரயில்வயரில் நாளொன்றுக்கு 30 நிமிடமே இலவசம். பாதியில் வாசல் மறுபடி மூடிக்கொள்ளலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் சோதனை வேண்டும்.

ஒரு மாலை செங்கல்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் சோதித்துப் பார்த்தேன். ஓடிபி கொடுக்காமலே அனுப்பினேன். "இணையம் இல்லை. 1 குறிப்பு காத்திருக்கிறது" என்றது செயலி. ஓடிபி கொடுத்த பிறகு மறுபடி அழுத்தினேன். "செங்கை 1" வந்தது.